தாம்பாளத்தில் இரண்டு மூடிகள்

மாப்ள,

உன் காரியமெல்லாம் முடிந்து பட்டறையைக் காலி செய்த அன்று தங்கச்சி எனக்கு ஆள் அனுப்பினாள். உன் பெண்டாட்டியை நான் கல்யாணத்தன்றே தங்கச்சி ஆக்கிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? "அப்ப இனிமே நெசமாவே மாப்ளதான், மரியாதையாக் கூப்பிடு" என்று மாலையும் கழுத்துமாய் என்னை மிரட்டினாய். நான் போனபோது வெல்டிங் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"அண்ணே, இத மட்டும் யாருக்கும் குடுக்கல. இதுக்கு ஜோடி உங்ககிட்டதான இருக்கு?"

டிரம் வாயைத் திருகி அடைக்கிற இரும்பு மூடி. இப்போது இரண்டும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. என்னுடையதை என் வீட்டுக்காரி புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டாள். உன்னுடையதில் இன்னும் தார் ஒட்டியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காலை நேரம் எனக்கு இனிய நினைவாக ஆகவில்லை, மாப்ள.

இந்த மூடிகள் இருந்த படகை நீ கட்டியதைப் பார்த்தவர்கள் குறைவு. எண்ணெய் டிரம்களைச் சந்தையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வயிற்றுப் பக்கம் வாய் இருக்கிற டிரம்களாகப் பொறுக்கினாய். வாய் மேலே பார்க்கும்படி அவற்றைக் கிடத்தி, இரும்புச் சட்டம் அடித்து, மேலே பலகை பாவினாய். பலகைகளுக்கு நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி விட்டிருந்தாய். உள்ளே கசிகிற தண்ணீரை மூடியைத் திறந்து, கைப்பம்பு வைத்து உறிஞ்சி, திரும்பவும் திருகிவிடுவாய். "படகுக்குப் பல்லு விளக்கி விடுறேன்" என்பாய். அலங்காநல்லூர் போகிற வழியில் இருக்கிற அந்தக் கண்மாய் நிறைந்த வருஷங்களில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தூக்குவாளியோடு வந்து இறங்குவார்கள். நீ கழி ஊன்றுவாய். நான் கரையில் நின்று ஆள் ஏற்றிவிடுவேன். படகில் மட்டும் ஏற மாட்டேன். பழங்காநத்தத்துக் குழாயடியில் வளர்ந்தவன் நான். குடத்துக்கு மேல் தண்ணீரைக் கண்டால் எனக்கு ஆகாது. மில் ஆபீசில் எல்லோரையும் அதட்டுகிற நான் முழங்கால் தண்ணீரில் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

ஒருநாள் நடுக் கண்மாயில் ஒரு பொம்பளைப் பிள்ளை தண்ணீர்ப் பாம்பைப் பார்த்து வீறிட்டது. படகில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஓரத்துக்கு ஓடினார்கள். மறு ஓரம் தண்ணீரைவிட்டு மேலே கிளம்பியது. நீ அந்த ஓரத்தில் போய்ப் படுத்து அமுக்கி, அதட்டி, ஒருவழியாக உட்கார வைத்தாய். கரைக்கு வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னாய்: "படகு தண்ணியால கவுறதில்ல மாப்ள. பயத்தாலதான் கவுறும்." அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் இல்லம் இருந்தது. கோடையில் அந்தப் பிள்ளைகள் கண்மாய்க்குக் குறுக்கே நடந்து ரோட்டுக்கு வந்து பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். தண்ணீர் நின்றுவிட்டால் கரையைச் சுற்ற வேண்டும். கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலுங்கில் வழிந்தால் அந்த வழியும் அடைபட்டு, பள்ளிக்கூடம் நின்றுபோகும். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட டீச்சரம்மா ஒருநாள் வந்து, படகை மழைக்காலத்துக்கு மட்டும் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார். நீ யோசிக்கக்கூட இல்லை. "வாடகை எதுக்கு டீச்சர், எடுத்துக்கங்க" என்றுவிட்டாய்.

உன் தாய்மாமாவுக்கு அது தெரிந்ததும் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"வித்தாலும் ஒரு நாயம் இருக்கு. ஓசியில தூக்கிக் குடுக்க நீ என்ன ஜமீனா?"

"மாமா, நான் ஆளுகள ஏத்திக்கிட்டுப் போறப்ப அந்தப் புள்ளைக எதுத்த கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்குதுக. ஞாயித்துக்கெழமையானா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது" என்றாய்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், மறுவாரம் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். கொடுப்பது என்று ஆகிவிட்டது, அதை முறையாகக் கொடுக்க வேண்டும் என்றார். தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், மைக் செட் வேண்டும், இல்லத்துக் கமிட்டித் தலைவரை அழைக்க வேண்டும், போட்டோ வேண்டும். அதோடு ஒரு சந்தேகம் வேறு. "வீடு குடுத்தா தட்டுல சாவிய வைக்கிறோம். மாடு குடுத்தா கயித்த வைக்கிறோம். படகுக்கு எத வைக்கிறது?" நீ சிரித்துக்கொண்டே, "படகையே தூக்கி வைங்க மாமா" என்றாய். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெறுங்கையாய்க் கொடுப்பது அவருக்கு அவமானம்.

அன்று காலையில் நான் போட்டோக்காரரைக் கூட்டிவர டவுனுக்குப் போயிருந்தேன். நீ வேட்டி மாற்றப் போயிருந்தாய். படகை மாமா பொறுப்பில் விட்டிருந்தோம். நான் போட்டோக்காரரோடு பஸ்சைவிட்டு இறங்கியபோது, படகின் முன்பக்கம் இரண்டு மூலையிலும் கொடிக்கம்பு நட்டு, அடியில் செவ்வந்திப்பூவைக் குவித்து, சட்டம் முழுக்க மாவிலை கட்டியிருந்தார். உள்ளபடியே அழகாகத்தான் இருந்தது. ராகு காலம் வருவதற்குள் வெள்ளோட்டம் விட வேண்டும் என்று அவர் பறந்துகொண்டிருந்தார். தாரை வார்ப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகளை ஏற்றியாயிற்று. தலைவர் ஏறி முன்பக்கம் நின்று கும்பிட்டார். இல்லத்துச் சமையல்காரர் கழியை ஊன்றினார். படகு போயிற்று; அதற்குப் பிறகுதான் நீ வேட்டி மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாய். மைக் செட் குழாயில் நாதஸ்வர இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் டீச்சரம்மா கையை நீட்டினார். நீ செம்பிலிருந்து தண்ணீரை வார்த்து, தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தாய். வெற்றிலை, பழம், தேங்காய். அவர் தேங்காய் உருளாமல் இருக்க வெற்றிலையை நகர்த்தினார். அடியில் இரண்டு மூடிகள், சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து.

"இது என்ன தம்பி, படகுச் சாமானா?" என்றார்.

உன் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"மாமா, இது எப்படி இங்க வந்துச்சு?" சத்தம் போடாமல்தான் கேட்டாய்.

"அடையாளத்துக்கு ஏதாச்சும் வேணும்ல? மேல சும்மாதான திருகிக் கெடந்துச்சு. அந்த ஓட்டையிலதான் கொடிக்கம்ப நட்டிருக்கேன். எம்புட்டு எடுப்பா இருக்கு பாரு."

பார்த்தோம். ஆள் இல்லாதபோது அந்த ஓட்டைகள் தண்ணீருக்கு மேலேதான் இருக்கும். ஆள் ஏறினால் டிரம் அமுங்கும். அலை அடிக்கிறபோதெல்லாம் தண்ணீர் உள்ளே போகும். படகு ஏறக்குறைய நடுக் கண்மாயில் இருந்தது. அங்கே ஆளுக்கு மேல் ஆழம். சற்று முன் நேராக நின்ற இரண்டு கொடிகளும் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் நீச்சல் தெரியாது.

நான் கத்த வாயைத் திறந்தேன். நீ உன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாய். அந்தக் கையில் சந்தன வாசம் அடித்தது.

"கத்துன, அம்புட்டும் போச்சு. அதுக எந்திரிச்சு ஓடும். நீ போய் மைக்கப் பிடி. போட்டோ எடுக்கிறோம், அசையாதீகன்னு சொல்லு. நான் தலையாட்டுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு. தண்ணி, ஓட்டை, ஆழம், இதுல ஒரு சொல்லு உன் வாயில வரக் கூடாது."

"மாப்ள, எனக்கு வராதுடா."

"வரும். ஆபீசுல அதட்டுவேல்ல, அத அப்படியே அன்பாச் சொல்லு."

வேட்டியை அவிழ்த்துப் போட்டாய். மூடிகளைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, டிராயரோடு, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கினாய். டீச்சரம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தாம்பாளத்தைப் பிடித்தபடி படகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அவர் கையில் தேங்காய் மட்டும் தட்டோடு மோதி ஆடிக்கொண்டிருந்தது. மாமா ஏதோ கேட்க வந்தார். டீச்சரம்மா சிரிப்பை மாற்றாமல், "பேசாம நில்லுங்கய்யா" என்றார்.

இசைத்தட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை வாங்கினேன். என் குரல் எனக்கே பின்னாலிருந்து யாரோ பேசுவதுபோல் குழாயில் வந்தது. "அன்புப் பிள்ளைகளே, இப்போது போட்டோ எடுக்கப் போகிறோம். எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்காருங்க. அசைஞ்சா முகம் அழிஞ்சுபோகும்."

போட்டோ என்றால் அந்தக் காலத்தில் அது ஒரு மந்திரம். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதற்கு முன் போட்டோவே எடுத்துக்கொள்ளாதவர்கள். அத்தனையும் முதுகை நிமிர்த்தி, கையை முழங்கால்மேல் வைத்து, கல்லாகிவிட்டன. தலைவர் மட்டும் முன்பக்கம் நின்றுகொண்டே இருந்தார். போட்டோ என்றதும் இன்னும் ஓர் அடி முன்னே வந்தார். கொடி இன்னும் சாய்ந்தது. அந்த ஆளை எனக்கு அன்று பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. தள்ளினால் தண்ணீரில்தான் விழுவார்.

"தலைவர் ஐயா, உங்க உயரத்துக்குப் பிள்ளைகள் மறையுதுக. மெதுவா, மெதுவாப் பின்னால போய், அதுக நடுவுல உட்கார்ந்தீகன்னா படம் ஜோராய் இருக்கும். அவசரமே இல்ல."

அவர் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார்.

போட்டோக்காரர் முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு என் காதருகே வந்தார். "தம்பி, பிலிம் ஏறவே இல்ல, உள்ள சிக்கிக்கிச்சு. இப்ப எடுத்தா ஒண்ணும் விழாது."

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "விழ வேணாம்ண்ணே. எடுத்துக்கிட்டே இருங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தண்ணீரில் போகிற உன் தலையைப் பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, கையை உயர்த்தி, பல்ப் மாற்றி மாற்றி மின்னவைத்தார். இல்லாத படத்துக்கு அப்படி உழைத்த மனுஷனை நான் பார்த்ததில்லை.

நீ படகின் முன் மூலைக்குப் போய்ச் சேர்ந்தாய். தலைவர், "என்னப்பா, போட்டோ எடுக்கிற நேரத்துல தண்ணிக்குள்ள?" என்று கேட்டது கரைவரை கேட்டது.

"பூ சரிஞ்சு கெடக்குங்கய்யா. படத்துல அசிங்கமாத் தெரியும். சரி பண்ணிட்டுப் போயிர்றேன்."

ஒரு கொடி மெல்லப் படுத்தது. உன் இரண்டு கையும் பூவுக்குள் புகுந்தன. அங்கே நீ என்ன பாடு பட்டாய் என்று எனக்குத் தெரியாது. மூடியின் திருகு மரை பிடிக்கவில்லை, சந்தனம் வழுக்கியது என்று பின்னால் சொன்னாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் பேசிக்கொண்டே இருந்தேன் என்பதுதான். பச்சைச் சட்டை போட்ட தம்பி நல்லா உட்கார்ந்திருக்கான் என்றேன். ரெட்டைச் சடை பாப்பா கொஞ்சம் சிரிக்கலாம், பல்லுத் தெரியாமல் என்றேன். ஒரு சின்னப் பிள்ளை, உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல், "சார், ஒண்ணுக்கு வருது" என்றது. "போட்டோவுல ஒண்ணுக்கு வந்தாலும் தெரியாதும்மா, அசையாம இரு" என்றேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். படகில் ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் போட்டோவுக்கு இருந்தார்கள். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனபோது மில்லில் ஷிப்டு மாறுகிற நேரங்களைக்கூடச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

முதல் மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனாய். அதற்குள் அந்த மூலைப் பலகையின் மேலேயே தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பையன் தன் காலை நனைக்கிற தண்ணீரைக் குனிந்து பார்த்தான். ஒரு கத்தல் போதும், மாப்ள. ஒரே ஒரு கத்தல். அவன் தலையைத் தூக்கி, திரும்பவும் கேமராவைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துகொண்டான். நீ அவன் காலைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

இரண்டாவது கொடியும் படுத்தது. சமையல்காரருக்கு நீ ஏதோ சொன்னாய். அவர் கழியைத் தூக்கிவிட்டார். நீ பின்பக்கம் போய்த் தலையால் முட்டித் தள்ளுவதுபோல் தள்ளினாய். படகு மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டே, ஊர்ந்து ஊர்ந்து வந்தது. அந்த நேரத்துக்குள் போட்டோக்காரரிடம் பல்பும் தீர்ந்துவிட்டது. வெறுங்கையை உயர்த்தி உயர்த்தி இறக்கினார். படகு கரை மண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது. நீ இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாய்.

"எடுத்தாச்சு" என்றேன். "இனி அசையலாம்."

கல்லாயிருந்த பிள்ளைகள் ஹோவென்று குதித்து இறங்கின. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மைக்கை நிறுத்த மறந்துபோனேன். நான் அழுத அழுகை குழாய்வழியே சுற்றுப்பட்டிக்கெல்லாம் கேட்டது. யாரோ செத்துப்போனார்கள் என்று இரண்டு பேர் சைக்கிளில் விசாரிக்க வந்தார்கள்.

கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் டீச்சரம்மா தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். "இந்தப் படகு எங்களுக்கு வேணாம் தம்பி" என்றார். மாமா அப்போதும் விடவில்லை: "தாரை வாத்தாச்சும்மா. குடுத்தவன் திரும்பத் தொடக் கூடாது." சொல்லும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவரை நீ ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை. நானாக இருந்தால் அந்தக் கொடிக்கம்பாலேயே நாலு போட்டிருப்பேன்.

நீ ஈரத்தோடு குளிரில் பல்லடிக்க, "மாமா சொல்றது சரிதான் டீச்சர், குடுத்தது குடுத்ததுதான்" என்றாய். "ஆனா படக மட்டும் குடுத்தாப் பத்தாது. மழ முடியிற வரைக்கும் தெனம் காலையில நானும் வாரேன். மூடியப் பாத்துட்டுத்தான் படகு கெளம்பும்."

வந்தாய். பட்டறையில் வேலை கிடந்தாலும் வந்தாய். மூடிகளையெல்லாம் சங்கிலி போட்டுச் சட்டத்தோடு பற்றவைத்தாய். சந்தனம் தடவிய இரண்டை மட்டும் கழற்றி, புதிதாய் வேறு போட்டு, பழையதில் ஒன்றை என்னிடம் தந்தாய். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தப் பிள்ளைகள் அத்தனைக்கும் நீச்சல் தெரிந்திருந்தது. எனக்குத்தான் நீ எவ்வளவு இழுத்தும் வரவில்லை. ரோடு உயர்த்திப் பாலம் கட்டும் வரைக்கும் அந்தப் படகு ஓடியது. ஒரு தடவைகூட அது சாயவில்லை.

அந்தப் பிள்ளைகளோ என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "சார், போட்டோ எப்ப வரும்?" என்று கேட்டன. நான் சாக்குச் சொல்லிச் சொல்லி அந்தப் பக்கம் போவதையே குறைத்தேன். உனக்குத்தான் பொறுக்கவில்லை. போட்டோக்காரரைத் திரும்பக் கூட்டிப் போனாய். இந்தத் தடவை கரையில் நிற்கவைத்து எடுத்தார். அசையாதே என்று யாரும் சொல்லவில்லை. பாதிப் பேர் அசைந்து, சிரித்து, ஒருவனுக்கு மூன்று கை தெரிந்தது. டீச்சரம்மா அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினார்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் வேறு, மாப்ள. மஞ்சள்காமாலை என்று படுத்தாய். மூலிகை, ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். நான் கத்தியும் ஒன்றும் ஆகவில்லை, பேசாமல் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. நீ போய்விட்ட அன்றைக்கு வாசலில் பந்தல் போட்டு, உன்னை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, தலையில் துணி சுற்றிக் கட்டி, குடும்பத்தோடு கடைசிப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். யார் வந்தது என்கிறாய்? அதே போட்டோக்காரர். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அவரும் மறக்கவில்லை.

தங்கச்சி தேம்பிக்கொண்டிருந்தாள். மாமா உன் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "அசையாதீங்க" என்று போட்டோக்காரர் சொன்னார். எல்லோரும் அசைந்தார்கள். நீ ஒருவன்தான் அசையவில்லை.

மின்னியது. அவர் கேமராவிலிருந்து நிமிர்ந்தார், வாய் வரவில்லை. கூட்டம் கலையவில்லை. நான் உன் பக்கத்தில் குனிந்தேன். கண்மாய்க் கரையில் அன்றைக்கு நீ தலையாட்டுகிற வரைக்கும் காத்திருந்தேனே, அப்படித்தான் காத்திருந்தேன். சட்டைப்பையில் மூடி கனத்தது. எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவேன். இனிமேல் இரண்டும் இருக்கும்.

நான் உன் காதில்தான் சொன்னேன். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"எடுத்தாச்சு மாப்ள. இனி அசையலாம்."